கட்டைக் குரல்

திருவானைக்காவலில் ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேல் மாடியில் நடக்கிற அந்த இசைப்பள்ளிக்கு ஒரு விதி உண்டு. பிள்ளையைப் பாட்டு கிளாசில் கொண்டுவந்து விடுகிறவர் யாராக இருந்தாலும் சரி, கீழே பைக்கில் சாய்ந்து நின்று போன் நோண்டக் கூடாது. மேலே வர வேண்டும், ஜமுக்காளத்தில் உட்கார வேண்டும், பிள்ளையோடு சேர்ந்து பாடவும் வேண்டும். பள்ளியைத் தொடங்கிய கோவர்தன் சார் போட்ட விதி. காலேஜில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர் அவர். "வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாத பாட்டைப் பிள்ளை யார்கிட்ட பாடிக் காட்டும், சொல்லுங்க?" என்று கேட்பார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் கேட்டுவிட்டு அவர் ஆபீஸ் ரூமுக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். உள்ளே அவதிப்படுகிறவள் பாட்டு டீச்சர் கமலினி.

பெற்றோர் பாடுவதைக் கேட்காதவர்கள் புண்ணியம் செய்தவர்கள். ஆடிட்டர் ஒருவர் ஸ-வுக்கும் ரி-க்கும் நடுவில் வீடு கட்டிக் குடியேறிவிட்டார். எவ்வளவு இழுத்தும் அங்கிருந்து கிளம்பவில்லை. ஒரு அம்மா தாளம் போடுகிற கையாலேயே கொசு அடிப்பார். இன்னொருவர் பாடிக்கொண்டே தூங்குவார், தூங்கிக்கொண்டே பாடுவார், இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கமலினி பல்லைக் கடித்துக்கொண்டு எல்லோரையும் இழுத்துக்கொண்டு போவாள். வயது நாற்பத்தேழு. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் வீடு, இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிற வீட்டுக்காரர், பெங்களூரில் வேலை பார்க்கிற பெண். புதனும் சனியும் சாயங்காலம் தலையில் பூ வைத்துக்கொண்டு கொள்ளிடக்கரைக் காற்றில் ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு வந்துவிடுவாள். கோபம் மூக்கு நுனியில் இருக்கும், ஆனால் ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்காது.

அந்தப் பள்ளியில் அவளுக்கு 'சரளி டீச்சர்' என்று பெயர். சரளி வரிசைதான் பாட்டுக்கு அரிச்சுவடி. ஸரிகமபதநிஸ என்று ஏறி, அப்படியே இறங்குவது. அதை முடித்து, ஜண்டை, அலங்காரம் எல்லாம் தாண்டி, கீதம் என்கிற சின்னச் சின்னப் பாட்டுகள் வரைக்கும் அவள் சொல்லிக்கொடுப்பாள். அதற்கு மேல் வர்ணம். வர்ணத்தைத் தொட்டால்தான் பாட்டுக்காரர்கள் ஒருவரைக் கணக்கிலேயே சேர்ப்பார்கள். கமலினிக்கு வர்ணம் தெரியாதா? வரிசையாகப் பாடுவாள், கீர்த்தனை கீர்த்தனையாகப் பாடுவாள். கேட்கத்தான் ஆள் வேண்டும். பிள்ளைகள் கீதம் முடித்த கையோடு பெரிய இடம் தேடிப் போய்விடுவார்கள். அதுவும் விஜயதசமி அன்றைக்குத்தான் போவார்கள். புது குருவிடம் சேர அதுதானே நல்ல நாள்! மற்ற வாத்தியார்களுக்கு விஜயதசமி என்றால் வரவு. கமலினிக்கு மட்டும் முன்வாசல் வழியாக வரவும் பின்வாசல் வழியாகச் செலவும்.

போன மார்கழியில் அவளிடம் முதலில் படித்த பெண் ஒருத்தி கச்சேரி செய்தாள். அழைப்பிதழில் குருவின் பெயர் பட்டையாக இருந்தது. அது கமலினியின் பெயர் இல்லை. அரங்கில் அவளுக்கு நாலாவது வரிசையில்தான் இடம் கிடைத்தது. அதுகூடப் பரவாயில்லை. சாப்பாட்டுப் பந்தியில் அந்தப் பெண் தன் மாமியாரிடம், "இவங்கதான் சின்ன வயசுல எனக்கு சரளி சொல்லிக் கொடுத்தாங்க" என்று அறிமுகம் செய்தாள். எல்.கே.ஜி. மிஸ்ஸைக் காட்டுகிற மாதிரி. மாமியாரும் "அப்படியா, சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு அப்பளம் கேட்டார். கமலினி அன்றைக்கு இலையில் விழுந்த ஜாங்கிரியைத் தொடாமலே இலையை மூடினாள்.

மறுநாளே கோவர்தன் சாரிடம் போய் நின்றாள். "சார், எனக்கு வர்ணம் கிளாஸ் வேணும்."

"தாராளமா எடுங்க. ஒரே ஒரு ஆள் இருந்தாக்கூடப் போதும், வர்ற விஜயதசமிக்கு ஆரம்பிச்சுடலாம். ஆனா ஒரு ஆளாவது வேணுமே கமலினி! சுவத்தைப் பார்த்தா பாடுவீங்க?"

ஒரு ஆள். கமலினியின் மனசில் அந்த ஆள் ஏற்கெனவே தயாராக உட்கார்ந்திருந்தாள். தேவதர்ஷினி. பத்து வயசு, மேல் பல் ஒன்று விழுந்து முளைத்துக்கொண்டிருந்தது, ஒரு தடவை சொன்னால் போதும், அப்படியே பிடித்துக்கொள்வாள். அந்தக் குழந்தை மேல் ஸ-வில் போய் நின்றால் கமலினிக்குக் கையில் மயிர்க்கூச்செறியும். இத்தனை வருஷத்தில் தனக்கென்று ஒரு சிஷ்யை, முதலிலிருந்து கடைசி வரை தன் கையில் வளர்ந்தவள் என்று சொல்லிக்கொள்ள ஒருத்தி கிடைத்தால் அது இவள்தான் என்று முடிவே கட்டிவிட்டாள். எந்த வர்ணத்தை முதலில் எடுப்பது என்றுகூட யோசித்து வைத்தாயிற்று. கிளாஸ் முடிந்த பிறகும் அரை மணி அவளை நிறுத்திவைத்துப் பாடச் சொல்வாள்.

அந்த அரை மணியும் ஜமுக்காளத்தின் கடைசி ஓரத்தில், சுவரில் சாயாமல், முதுகை நிமிர்த்தி ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர்தான் தர்ஷினி அப்பா.

பள்ளியில் பெற்றோருக்கெல்லாம் பெயர் கிடையாது. ஹரிணி அம்மா, ஜெஸ்வின் அப்பா, இப்படித்தான். தர்ஷினி அப்பா டவுன் பஸ் கண்டக்டர். ஸ்ரீரங்கத்துக்கும் ஜங்ஷனுக்கும் நடுவில் "சத்திரம், சத்திரம், மெயின்கார்டு கேட்" என்று நாள் முழுக்கக் கூவுகிற தொண்டை. அவர் மனைவிக்கு ஜவுளிக்கடையில் வேலை. கடை அடைத்தால்தான் வீடு. அதனால் ஷிப்டை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டு, காக்கிச் சட்டையோடு மகளைக் கூட்டிக்கொண்டு வருவது அவர்தான்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் முதல் முதலாகப் பாடிய நாளை இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். விதி விதிதானே! பாடச் சொன்னாள் கமலினி. அவரும் மகள் பக்கத்தில் சம்மணம் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். ம வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. ப-வில் கழுத்து நரம்பு புடைத்தது. த-வில் முகம் சிவந்தது. நி-யில் குரல் உடைந்து, மாடிப்படியில் உருண்ட குடம் மாதிரி தடதடவென்று கீழே போய் விழுந்தது. விழுந்ததோடு சும்மா இருந்ததா? அடியிலிருந்து "ஸா" என்று ஒரு முழக்கம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மெடிக்கல் ஷாப் பையன் என்னவோ ஏதோ என்று மேலே ஓடி வந்து பார்த்தான். பிள்ளைகள் ஜமுக்காளத்தில் புரண்டு புரண்டு சிரித்தார்கள்.

கமலினியும் நாலைந்து கிளாஸ் பொறுத்துப் பார்த்தாள். "கொஞ்சம் மெதுவா", "இன்னும் கொஞ்சம் மேல", "அவசரப்படாம ஏறுங்க" என்று சொல்லிப் பார்த்தாள். அவரும் பாவம், சொன்னதையெல்லாம் செய்தார். மேலே போனால் உடையும், கீழே போனால் உறுமும். பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் சுருதியும் அவரோடு சேர்ந்து உருண்டது. கடைசியில் ஒரு நாள் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்க தர்ஷினி அப்பா. உங்களுக்குக் கட்டைக் குரல். குழந்தைங்க சுருதி கெட்டுப் போறது. நீங்க வாயை மட்டும் அசைங்க, போதும்."

"சரிங்க டீச்சர்" என்றார் அவர். அவ்வளவுதான். அதிலிருந்து வாயை மட்டும் அசைத்தார். ஒரு கிளாஸ் விடாமல், ஒரு வரி விடாமல் அசைத்தார். கொட்டாவி விடுகிற அப்பாக்களுக்கும் வாட்ஸ்அப் பார்க்கிற அம்மாக்களுக்கும் நடுவில், சத்தமே இல்லாமல் சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம் எல்லாம் அவர் உதட்டில் ஓடிற்று. தாளம் மட்டும் தொடையில் சரியாக விழுந்துகொண்டிருக்கும்.

பக்கத்து ரூமில் கீபோர்டு கற்றுக்கொடுக்கிற பிரான்சிதான் இதை முதலில் கவனித்தவள். முப்பத்து நாலு வயசு, பாலக்கரைக்காரி, அவர்கள் சர்ச் கொயரை நடத்துகிறவளும் அவள்தான். வாய்த்துடுக்கு ஜாஸ்தி. ஒரு நாள் டீ குடிக்கும்போது ஆரம்பித்தாள்.

"அக்கா, இன்னிக்கு உங்க தர்ஷினி அப்பா பஸ்லதான் வந்தேன். அந்த மனுஷன் 'சத்திரம்'னு கூப்பிட்டா குரல் ஒரே இடத்துல ஆடாம நிக்குது அக்கா. காலையில கூப்பிட்டதும் சாயங்காலம் கூப்பிட்டதும் ஒரே சுரம். கீபோர்டுல தட்டிப் பார்த்துட்டேன்."

"உனக்கு வேற வேலையே இல்லையாடி? பஸ்ல கத்தறதுக்கெல்லாம் சுரம் பார்ப்பியா?"

"எங்க கொயர்ல கீழ்க்குரல் பாட ஒரு ஆம்பளை கிடைக்காம நான் நாயா பேயா அலையறேன். நீங்க என்னடான்னா அவரை மீன் தொட்டியில மீன் மாதிரி வாயைத் திறந்து மூட வச்சிருக்கீங்க."

"அவ்வளவு ஆசையா இருந்தா நீயே கூட்டிண்டு போயேன்."

"கேட்டுட்டேனே! 'எங்க டீச்சர் வாயை மட்டும் அசைக்கச் சொல்லியிருக்காங்க மேடம், வேற எடத்துல பாடினா தப்பாயிடும்'னுட்டாரு."

கமலினி புரையேறச் சிரித்தாள். டீ மூக்குக்கு ஏறிவிட்டது. சிரித்துவிட்டு அதோடு மறந்தும் போனாள். அவள் கண்ணுக்குத் தர்ஷினி தெரிந்தாள், தர்ஷினிக்குப் பின்னால் எதுவும் தெரியவில்லை. தன்னை நாலாவது வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று மார்கழியிலிருந்து பொருமுகிறவள், தன் கிளாசில் கடைசி வரிசையில் யார் இருக்கிறார் என்று திரும்பிப் பார்த்தாளா? பார்க்கவில்லை. மனுஷ சுபாவம் அப்படித்தான் இருக்கிறது, என்ன செய்ய.

நவராத்திரி வந்தது. பள்ளியில் கொலு வைத்தார்கள். தில்லைநகரில் பெரிய பாட்டுப் பள்ளி நடத்துகிற வித்வான் ஒருவரைக் கோவர்தன் சார் விருந்தினராக அழைத்து வந்தார். தர்ஷினி இரண்டு கீதம் பாடினாள். மேல் ஸ-வில் போய் நின்றபோது வித்வான் கண்ணை மூடிக்கொண்டு "ஆஹா" என்றார். கமலினிக்குப் பெருமையில் காது சூடாகிவிட்டது. அந்த ஆஹாவின் விலை அவளுக்கு அப்போது தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் தர்ஷினி அப்பா தட்டில் மாதுளம்பழமும் வெற்றிலைபாக்கும் வைத்துக்கொண்டு வந்தார். பின்னால் தர்ஷினி.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். எப்படிக் கேக்கறதுன்னுதான் தெரியலை."

"சொல்லுங்க."

"நேத்து வந்த அந்த ஐயா போன் பண்ணினாருங்க. பாப்பாவைத் தன்கிட்ட விடச் சொல்றாரு. வர்ணத்துலேர்ந்து அவரே எடுத்துக்கறாராம். நான் இன்னும் ஒண்ணும் சொல்லலைங்க. உங்களைக் கேக்காம நான் சொல்வேனா? நீங்க வேணாம்னா வேணாம், அத்தோட விட்டுடறேன்."

வேணாம். அந்த ஒரு வார்த்தை கமலினியின் நாக்கு நுனியில் வந்து நின்றது. சொன்னால் போதும், அவர் தட்டாமல் கேட்பார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வாயை அசை என்றால் ரெண்டு வருஷம் வாயை அசைத்த மனுஷன் இல்லையா! ஆனால் பின்னால் நின்ற குழந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டாள். புது வீடு பார்க்கப் போகிற மாதிரி அத்தனை மலர்ச்சி. அந்தப் பெரிய பள்ளியில் மேடை கிடைக்கும், பக்கவாத்தியத்தோடு பாடக் கிடைக்கும். இந்த மாடியில் என்ன இருக்கிறது, ஜமுக்காளமும் கொசுவும்தான்.

"நல்ல இடம். தாராளமா விடுங்க" என்றாள். குரல் நடுங்காமல் வந்ததே பெரிய விஷயம். "விஜயதசமி அன்னிக்கே சேர்த்துடுங்க. நல்லா வருவா."

தர்ஷினி காலில் விழுந்து கும்பிட்டாள். அவள் அப்பா எதையோ சொல்ல வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. அப்படியே மூடிக்கொண்டார். அவருக்குத்தான் அது பழக்கமாயிற்றே.

வீட்டுக்கு வந்து ரசத்துக்கு, அவர்கள் பாஷையில் சாத்தமுதுக்கு, புளி கரைத்தவள் அடுப்பு முன்னாலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் வீட்டுக்காரர் லக்ஷ்மிகாந்த் ஆபீஸ் பையைக்கூட வைக்காமல் வந்து நின்றார்.

"என்னடி ஆச்சு? புளி கண்ணுல பட்டுடுத்தா?"

"ஏன்னா, நான் என்ன, செருப்பு விடற இடமா? வரவா எல்லாரும் என்கிட்ட காலை வச்சுட்டு உள்ள போயிண்டே இருக்கா. உள்ள இருக்கறது வேற யாரோ. எனக்கு ஒருத்தி கூடவா நிலைக்கக் கூடாது?"

அவர் கிண்டல்காரர். இருந்தாலும் மனைவி நிஜமாக அழுகிறாள் என்றால் அவருக்குத் தெரியும். அடுப்பை அணைத்துவிட்டு அவளை உட்கார வைத்தார். "யாரு, அந்தக் கண்டக்டர் பொண்ணா?"

"அவளேதான்."

"பொண்ணு குரல் எனக்குத் தெரியாது. அந்த மனுஷர் குரல் நம்மாத்து மொட்டை மாடி வரைக்கும் கேக்கறது. காலம்பற அதைக் கேட்டுத்தான் நான் ஆபீஸுக்குக் கிளம்பறேன்" என்று அவளைச் சிரிக்க வைக்கச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. மூக்கைச் சிந்திவிட்டு எழுந்துபோய் மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள். அன்றைக்குச் சாத்தமுதில் உப்பு கூடிப்போயிற்று. லக்ஷ்மிகாந்த் வாயைத் திறக்காமல் சாப்பிட்டார்.

விஜயதசமி காலை. பள்ளி நிறையக் குழந்தைகள், பட்டுப்பாவாடைகள், அழுகை, சர்க்கரைப் பொங்கல். கமலினி ஒவ்வொரு குழந்தையாக மடிக்குப் பக்கத்தில் உட்கார வைத்து "ஸா சொல்லு கண்ணு, ஸா" என்று ஆரம்பித்து வைத்தாள். பழைய பிள்ளைகளில் கீதம் முடித்த இரண்டு பேர் வந்து நமஸ்காரம் செய்து சொல்லிக்கொண்டு போனார்கள். கோவர்தன் சார் அறை வாசலில் நின்று கையைப் பிசைந்தார். "அடுத்த வருஷம் பார்க்கலாம் கமலினி. எங்க போயிடப் போறோம்?" என்றார். அவள் தலையை ஆட்டினாள். இனிமேல் அதைக் கேட்கவே போவதில்லை என்று உள்ளுக்குள் தீர்மானித்தாயிற்று. சரளி டீச்சர் என்றால் சரளி டீச்சர். போகட்டும்.

கூட்டம் கலைந்து, நாலைந்து வாண்டுகள் மட்டும் பொங்கலுக்காகச் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில், கீழே ஒரு பஸ் ஹார்ன் அடித்துவிட்டுப் போன சத்தம் கேட்டது. முதல் நாள் ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்று வாடித் தொங்க, மாலையோடு போன டவுன் பஸ். அதிலிருந்து இறங்கித் தர்ஷினி அப்பா படியேறி வந்தார். காக்கிச் சட்டைப் பையில் சந்தனம் காய்ந்திருந்தது. கூட யாரும் இல்லை.

"சேர்த்துட்டீங்களா?" என்றாள் கமலினி.

"சேர்த்துட்டேங்க. அவங்கம்மா கூட இருக்கா. நல்ல இடங்க." வாசலிலேயே நின்றார். "டீச்சர், பிள்ளை இல்லாம வரலாமாங்க?"

"என்ன?"

"இல்ல, இங்க ரூலு எப்படின்னு தெரியலைங்க. பிள்ளையோட வந்தவங்க பாடணும்னு இருக்கு. பிள்ளை இல்லாம வந்தவங்க பாடலாமான்னு இல்லை." மூச்சை ஒருமுறை இழுத்துக்கொண்டார். "எனக்குக் கீதம் வரைக்கும் பாடம் ஆயிடுச்சுங்க. சத்தமாப் பாடினதில்லை, ஆனா எல்லாம் மனசுல இருக்கு. கடைசி டிரிப் முடிச்சு பஸ்ஸை ஷெட்டுல விட்டுட்டு உள்ளயே உக்காந்து சொல்லிப் பார்த்துக்குவேன். அதுவும் வாயை அசைச்சுத்தான். இதுக்கு மேல வர்ணமாமே. அதை நான் கத்துக்கலாமாங்க?"

கமலினிக்குச் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது, கண்ணிலும் என்னவோ வந்தது. "உட்காருங்க" என்றாள். "பாடுங்க பார்க்கலாம். சத்தமா."

சுருதிப் பெட்டியைப் போட்டாள். அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி, சரளியின் முதல் வரிசையை எடுத்தார். ப-வில் நரம்பு புடைத்தது. நி-யில் அதே குடம், அதே படி. வாண்டுகள் பொங்கலோடு சிரித்தன. அவர் கண்ணைத் திறந்தார். முகம் கறுத்துவிட்டது.

"நீங்கதான் அன்னிக்கே சொன்னீங்களே டீச்சர். எனக்குக் கட்டைக் குரல்."

கட்டை. அந்த வார்த்தை கமலினியின் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. பாட்டுக்காரர் வீட்டில் கட்டை என்றால் குரலைத் திட்டுகிற வார்த்தை இல்லை. ஒருவர் குரல் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதற்குக் கணக்கு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஐந்து கட்டை, ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரை. எவரையும் முதல் முதலாகப் பாட வைக்கும்போது கேட்க வேண்டிய கேள்வியே, எத்தனை கட்டை என்பதுதான். அந்தக் கேள்வியை இந்த மனுஷனிடம் அவள் கேட்கவே இல்லை. குழந்தைகள் சுருதியில் உட்கார வைத்து, ஏறு ஏறு என்று சொல்லி, ஏற முடியவில்லை என்றதும் வாயை மூட வைத்துவிட்டாள். 'அட ராமா! நானா இதைச் செய்தேன்?' என்று மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டாள்.

சுருதிப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். அதன் திருகைப் பிள்ளைகள் வந்து வந்து திருப்பிவிடுகிறார்கள் என்று எப்போதோ ஒரு கோபத்தில் ஐந்து கட்டையில் வைத்து அவளே மேலே பிளாஸ்திரி ஒட்டிவிட்டிருந்தாள். அழுக்கேறிப் பெட்டியோடு பெட்டியாகிவிட்ட பிளாஸ்திரி. நகத்தால் சுரண்டினாள், வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள், கிழிந்தது. திருகை மெல்லத் திருப்பினாள். ஒலி இறங்கி இறங்கி ஒரு கட்டையில் வந்து நின்றது. அந்த மாடியில் அதுவரை யாருமே கேட்டிராத கனத்த சுருதி.

"இப்ப பாடுங்க."

"ஸா" என்றார் அவர்.

வாண்டுகள் சிரிப்பை நிறுத்தின. குரல் எங்கும் முட்டவில்லை, உடையவில்லை. தன் வீட்டுக்குள் நடக்கிறவர் மாதிரி ப-வைத் தாண்டினார், நி-யைத் தாண்டினார், மேல் ஸ-வில் போய் ஆடாமல் நின்றார். நின்றதும் அவருக்கே பயம் வந்துவிட்டது போல, கண்ணைத் திறந்து கமலினியைப் பார்த்தார். அவள் கையைக் காட்டினாள், நிறுத்தாதீங்க என்று. சரளியிலிருந்து ஜண்டைக்குப் போனார், அலங்காரத்துக்குப் போனார், மகள் கொலுவில் பாடிய கீதத்தையும் பாடினார். ரெண்டு வருஷமாக உள்ளே சேர்ந்துகிடந்தது அத்தனையும் வந்தது. அவள் தர்ஷினிக்கென்று சொல்லிக்கொடுத்த சின்னச் சின்ன நெளிவுகூட ஒன்று விடாமல் இருந்தது. பக்கத்து ரூமிலிருந்து பிரான்சி ஓடி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நல்லவேளை, எதுவும் பேசவில்லை.

முடிந்ததும் கமலினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறைக்கவெல்லாம் முயலவில்லை.

"உங்க பேர் என்ன?" என்று கேட்டாள்.

"தர்ஷினி அப்பாங்க."

"அது இல்ல. உங்க பேர்."

"நல்லதம்பிங்க."

"நல்லதம்பி சார், உங்க சுருதி ஒரு கட்டை. எனக்கு அது தெரியாமப் போச்சு. தப்பு என்னோடது, உங்க குரலோடது இல்லை." எழுந்து போய்க் கொலுப் படியிலிருந்து ஒரு பூவை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள். "நாள் நல்ல நாள். வர்ணம் ஆரம்பிச்சுடலாம்."

அடுத்த சனிக்கிழமை வர்ணம் கிளாஸ். ஒரே ஒரு ஆள். கோவர்தன் சார் கதவுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு, விரலை மூக்கில் வைத்துக்கொண்டே ஆபீஸ் ரூமுக்குப் போனார். கமலினிக்கும் அது பழக்கமில்லாத சுருதி. மேல் ஸ-வுக்கு மேலே போக வேண்டிய இடத்தில் அவளுக்கே தொண்டை கட்டிற்று. இருந்தும் விடவில்லை.

அன்றைக்கு நல்லதம்பியோடு தர்ஷினியும் வந்திருந்தாள். புதுப் பள்ளியில் அன்றைக்கு விடுமுறையாம். சுவரில் சாய்ந்து அப்பாவின் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவளைக் கமலினி விடவில்லை.

"யாருடி அது, போன் நோண்டறது? ரூல் தெரியுமில்ல? கூட வந்தவங்க பாடணும்."

தர்ஷினி சிரித்துக்கொண்டே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வர்ணத்தின் முதல் வரியை எடுத்தாள். அப்பாவின் ஸ்தாயியில் இறங்கிப் பார்த்தாள், வெறும் காற்றுதான் வந்தது. ஏறிப் பார்த்தாள், மேலே போய்க் கீச்சிட்டு நின்றது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"டீச்சர், அப்பா சுருதி எனக்கு எட்டவே மாட்டேங்குது! கீழயும் போகலை, மேலயும் போகலை."

"அப்ப நீ வாயை மட்டும் அசை கண்ணு" என்றாள் கமலினி. "உங்கப்பா உன் கூட ரெண்டு வருஷம் அப்படித்தான் பாடினார். நான்தான் சொன்னேன்."

தர்ஷினி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். ரெண்டு வருஷமாகத் தனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அப்பா பாடிக்கொண்டிருந்தார் என்றே அவள் நினைத்திருந்தாள்; பிள்ளைகள் சத்தத்தில் தனக்குக் கேட்கவில்லை என்றுதான். நல்லதம்பி சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். அவள் போனைக் கீழே வைத்தாள், அவரை ஒட்டி இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள், முதுகை நிமிர்த்திக்கொண்டாள். கமலினி தாளத்தைத் தட்டினாள். நல்லதம்பி முதல் வரியை எடுத்தார். மகள் ஒரு எழுத்து விடாமல், சத்தமே இல்லாமல், அவரோடு வாயை அசைத்தாள்.